பக்கத்து வீட்டுக்காரருக்கு என்ன பெறுமதி?

ஒரு மதிப்பீட்டறிக்கையை உங்கள் கையில் கொடுத்து, இது நியாயமான சந்தைப் பெறுமதிதானா என்று பார்க்கச் சொன்னால், தொழில் பழக வந்திருக்கும் நீங்கள் எல்லோரும் முதலில் செய்வது கூட்டல் கழித்தலைச் சரிபார்ப்பது. அது தப்பில்லை. கால்குலேட்டர் இருக்கிறது, விரல் இருக்கிறது, அழுத்துங்கள். ஆனால் முப்பத்தொரு வருடம் மாத்தளை மாவட்டத்தில் வீடு வீடாக ஏறி இறங்கியவன் என்ற முறையில் சொல்கிறேன், கூட்டல் பிழையால் கெட்ட அறிக்கை என்று நான் பார்த்தது இரண்டோ மூன்றோதான். மற்றதெல்லாம் பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் கெட்டவை. அப்படி ஒன்றை நானே கெடுத்தேன். கொஞ்சம் வெட்கக்கேடான கதை, அதனால் குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

தமிழர் வீடுகளை எரித்த எண்பத்துமூன்று கலவரம் முடிந்து இரண்டு வருடம் இருக்கும். ஒரு வங்கியிலிருந்து எனக்கு ஒரு கோப்பு வந்தது. பலாபத்வலைக்குப் போகும் வழியில் ஒரு சிறிய ஒழுங்கை, சந்து மாதிரி, அதில் ஓட்டுக் கூரை போட்ட மூன்று அறை வீடு. கண்டியிலிருந்து வந்த ஒரு மதிப்பீட்டாளர் ஏற்கெனவே பார்த்து அறிக்கை கொடுத்திருந்தார். அது சரியா என்று இன்னொரு கண்ணால் பார்த்துச் சொல்ல வேண்டியதுதான் என் வேலை.

அந்த அறிக்கை சொன்ன பெறுமதி, வாங்குபவரும் விற்பவரும் பேசி முடித்த விலையோடு ஒரு ரூபாய் பிசகாமல் ஒத்துப்போனது. இதை நன்றாகக் கவனியுங்கள். பேசிய விலையை முதலில் கேட்டுக்கொண்டு பிறகு அதற்குக் காரணம் தேடும் ஆட்கள் நம் தொழிலில் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். காரணமாவது எழுதியிருக்கிறாரா என்று பார்த்தேன். "நல்ல சுற்றாடல்" என்று இரண்டு சொல். அவ்வளவுதான்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. காணிப் பதிவகத்துக்குப் போய் அந்தப் பக்கத்து உறுதிகளை, விற்பனைப் பத்திரங்களை, தேடி எடுத்தேன். அதே அளவு வளவு, அதே வயதுக் கட்டடம், அதே ஒழுங்கையில் இரண்டு வீடுகள் முந்திய வருடம் கைமாறியிருந்தன. விற்றவர்கள் யாரும் பயந்து ஓடியவர்கள் இல்லை, ஆறஅமர விற்றவர்கள். இரண்டும் இந்த விலையைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. வீட்டுக்கும் போனேன். சுவரைத் தட்டிப் பார்த்தேன், கிணற்றை எட்டிப் பார்த்தேன், அளந்தேன். ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகப் பெற அந்த வீட்டில் ஒன்றுமே இல்லை. "அறிக்கை சந்தைப் பெறுமதியைக் காட்டவில்லை, மிகைப்படுத்தப்பட்டது" என்று எழுதி அனுப்பினேன். வங்கி கடனைக் குறைத்தது.

நான்கைந்து நாள் கழித்து ஒரு பெண் என் அலுவலகத்துக்கு வந்தார். டியூட்டி முடிந்து நேரே வந்திருக்கிறார், வெள்ளைச் சீருடை கசங்கியிருந்தது. பெயர் தவமணி. ஆஸ்பத்திரியில் தாதி. வீட்டை வாங்க இருந்தவர் அவர்தான். கணவர் ரத்தோட்டைக்கு மேலே, ரிவர்ஸ்டன் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. சனிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை போய்விடுவார்.

"ஐயா, நீங்க வீட்டை மட்டும்தான் பார்த்தீங்க போல" என்றார்.

"பின்னே எதைப் பார்க்கணும்?" என்றேன். என் குரல் நன்றாக இருக்கவில்லை என்பது எனக்கே தெரியும்.

"பக்கத்து வீட்டைங்க."

அவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து சொன்னார். "கலவரத்துல நாங்க வாடகைக்கு இருந்த வீட்டை எரிச்சாங்க. நான் டியூட்டியில இருந்தேன். பொம்பளப் பிள்ளைங்க ரெண்டு பேரையும் யாரோ புண்ணியவாளன் ஆஸ்பத்திரியில கொண்டாந்து விட்டாங்க. துணி வைக்கிற ரூமுல ஒளிச்சு வச்சிருந்தேன். இப்ப நைட் டியூட்டி போட்டா அதுங்க ரெண்டும் தனியா இருக்கணும். அவரு தோட்டத்துல. இந்த ஊருல எந்த வீட்டுல நான் பிள்ளைங்கள விட்டுட்டுப் போறது, சொல்லுங்க. அந்த ஒழுங்கையில மட்டும்தான் தமிழாளு வீடு எரியல்ல. ஏன்னு விசாரிச்சுப் பாருங்க. அதுக்குத்தான் நான் கூடக் குடுக்கிறேன்."

கலவரம் நடந்த அந்த ஆடி மாதம் நான் மட்டக்களப்புப் பக்கம் ஒரு காணி வேலையாகப் போயிருந்தேன். திரும்பி வந்து பார்த்தது கடைத்தெருவின் கரியை மட்டும்தான். யார் எரித்தார்கள், யார் மறித்தார்கள் என்பதெல்லாம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது, எனக்குத் தெரியாது. கேட்கவும் மனம் வரவில்லை. தமிழனாகப் பிறந்து மாத்தளையிலேயே வளர்ந்தவனுக்குத் தெரியாமல் போனது ஒரு தாதிக்குத் தெரிந்திருந்தது. ஆனாலும் உண்மையைச் சொல்கிறேன், அப்போது எனக்கு வந்தது வெட்கம் இல்லை, ஆவல்தான். ஒரு பக்கத்து வீட்டுக்காரரை விலையில் சேர்க்க முடியுமா? சேர்த்தால் எவ்வளவு? வங்கி மனேஜரிடம் வெள்ளிக்கிழமை வரை தவணை கேட்டுக்கொண்டு மறுநாளே மோட்டார் சைக்கிளை எடுத்தேன்.

விற்பவர் சோமசுந்தரம், கல்விக் கந்தோரில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். சொந்த ஊர் யாழ்ப்பாணம். மகளோடு போய் இருப்பதற்காக மெட்ராசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். நான் கேட்டதும் அவர் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்.

அடுத்த வீட்டில் இருப்பவர் ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்ற ஒரு சிங்களவர். ஊரில் அவரை மரியாதையாகக் கார்ட் மாத்தயா, அதாவது கார்ட் ஐயா, என்பார்கள். கலவரத்தன்று கும்பல் ஒழுங்கைக்குள் வந்தபோது, அவர் சாரத்தோடு போய் சோமசுந்தரத்தின் வாசல் படலையில் ஒரு கதிரை போட்டு உட்கார்ந்திருக்கிறார். "இந்த வீட்டை நான் போன மாசமே வாங்கிட்டேன். உறுதி என் அலுமாரியில இருக்கு. எரிச்சா எரியிறது என்ட வீடு" என்றாராம். அப்படி ஓர் உறுதி கிடையாது. இரண்டு நாள் அந்தக் கதிரையை விட்டு எழும்பவில்லை.

"இன்னும் ரெண்டு தமிழ்க் குடும்பம் கேட்டது, கிட்டத்தட்ட இதே விலைக்கு. வேணுமெண்டால் போய் விசாரியுங்கோ" என்றார் சோமசுந்தரம்.

விசாரித்தேன். உண்மைதான். அவசரமில்லாத, விஷயம் தெரிந்த மூன்று பேர் ஒரே வீட்டுக்கு ஏறக்குறைய ஒரே விலையைத் தர முன்வருகிறார்கள் என்றால் அதற்குப் பெயர் சந்தை. நான் எடுத்த இரண்டு உறுதிகளும் சரியானவைதான், ஆனால் வாங்கியவர்கள் சிங்களக் குடும்பங்கள். அவர்களுக்குக் கார்ட் மாத்தயா வெறும் பக்கத்து வீட்டுக்காரர். கண்டிக்காரரின் தொகை சரி. அவர் காரணம் எழுதாமல் போனதுதான் தப்பு. நான் காரணம் கேட்காமல் வெட்டியது அதைவிடப் பெரிய தப்பு.

அறிக்கையை மாற்றி எழுதிவிடலாம் என்று நிம்மதியாகப் படலையைத் திறந்து வெளியே வந்தேன். மதிலுக்கு மேலால் ஒரு தலை தெரிந்தது.

"வேல்யுவர் மாத்தயா தானே? நல்ல நேரம் வந்தீங்க. என்ட வீட்டையும் ஒருக்கா பாருங்க" என்றார் கார்ட் மாத்தயா, சிங்களத்தில்.

உள்ளே கூட்டிப்போய்ப் பிளேன்டீ கொடுத்தார். அவருக்குக் கண் மங்கிக்கொண்டு வந்தது. மனைவிக்கு மூட்டு வலி. குருணாகலில் மகள் வரச்சொல்லிக் கூப்பிடுகிறாளாம். அவுருது, சித்திரைப் புத்தாண்டு, முடிந்ததும் வீட்டை விற்றுவிட்டுப் போகிறாராம். "இன்னும் ஒருத்தருக்கும் சொல்லல்ல. சோமசுந்தரம் போறதுக்கு முன்னே காதுல விழுந்தா மனுசன் வருத்தப்படுவார். உங்க வாயோட இருக்கட்டும்" என்றார்.

சரி என்று தலையாட்டிவிட்டேன். வாடிக்கையாளர் சொன்னதை வெளியே விடக்கூடாது என்பது நம் தொழிலின் முதல் பாடம். தலையாட்டிய பிறகுதான் நான் எங்கே மாட்டிக்கொண்டேன் என்பது விளங்கியது.

யோசித்துப் பாருங்கள். தவமணி கூடுதல் விலை கொடுப்பது இந்த மனிதருக்காக. இந்த மனிதர் ஆறு மாதத்தில் இங்கே இருக்கப் போவதில்லை. வாங்க இருப்பவருக்கு அது தெரியாது, வங்கிக்குத் தெரியாது, எனக்கு மட்டும் தெரியும். பெறுமதி சரி என்று எழுதினால் தெரிந்துகொண்டே அவரை ஏமாற்றுகிறேன். மறுபடியும் வெட்டினால் காரணம் சொல்ல முடியாது, வீடும் அவர் கையை விட்டுப் போகும். கோப்பைத் திருப்பி அனுப்பிவிட்டால் என் கை சுத்தம், ஆனால் அந்தப் பிள்ளைகள் இரண்டும் யாருமில்லாத மதிலுக்குப் பக்கத்தில் போய்ப் படுக்கும். புதன்கிழமை மனேஜர் போன் பண்ணி, "என்ன சார், ஆமா இல்லாட்டி இல்ல, இதுக்கு இத்தனை நாளா?" என்றார். எனக்கு வந்த எரிச்சலில் போனை வைத்துவிட்டேன்.

வியாழக்கிழமை காலையில்தான் புத்தி வேலை செய்தது. ரகசியம் என்னுடையது இல்லை, அதற்குச் சொந்தக்காரர் ஒருவர் இருக்கிறார். அவரிடமே போய்க் கேட்கலாமே. இவ்வளவு லேசான வழி இரண்டு நாளாக எனக்குத் தோன்றவில்லை. நீங்களும் இந்த மாதிரி மாட்டிக்கொள்வீர்கள், அப்போது என்னைப் போல இரண்டு நாள் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

கார்ட் மாத்தயா மிளகுக் கொடியைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"மாத்தயா, நீங்க போறதை வாங்க வர்ற நர்ஸ் மிஸ்ஸிக்குச் சொல்ல எனக்கு அனுமதி வேணும்" என்றேன்.

"ஏன்? நான் போனா அவங்களுக்கு என்ன?"

"அந்த வீட்டுக்கு அவங்க கூடக் குடுக்கிறது உங்களுக்காக."

அவருக்கு விளங்கவில்லை. முதலிலிருந்து சொன்னேன், இரண்டு உறுதி, மூன்று குடும்பம், எல்லாம். கையில் இருந்த கயிற்றைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு?" என்றார்.

"முப்பத்தஞ்சாயிரம் வருது."

"எனக்கா?"

"உங்களுக்குத்தான்."

சிரிக்கத் தொடங்கினார். "ரயில்வேயில முப்பத்தாறு வருஷம் கொடி காட்டினேன். ஒருத்தனும் எனக்கு இவ்வளவு விலை போட்டதில்ல" என்று சொல்லி மறுபடியும் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. முகம் சிவந்துவிட்டது. "அன்னைக்கு நான் சொன்னது பொய் மாத்தயா. பயத்துல வாயில வந்த பொய். அதுக்கு ஒரு மனுசி சம்பளத்துல கடன் கட்டணுமா?"

உள்ளே போய் ஷர்ட் போட்டுக்கொண்டு வந்தார். மோட்டார் சைக்கிளில் என் பின்னால் ஏறிக்கொண்டார். ஆஸ்பத்திரி வார்டு வாசலில் தவமணியைக் கூப்பிட்டு, தனக்குத் தெரிந்த தமிழில் அவரே சொன்னார். "மிஸ்ஸி, நான் அவுருது பொறகு போறது. நீங்க எனக்கு சல்லி குடுக்க வேணாம்." தவமணி அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். கோபமா, ஏமாற்றமா, எனக்குக் கண்டுபிடிக்க முடியவில்லை. உள்ளே யாரோ கூப்பிட்டார்கள், போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை காலை, நான் அலுவலகம் திறக்கும்போதே தவமணி படியில் நின்றார். சோமசுந்தரத்திடம் விஷயத்தைச் சொல்லிப் பேசி விலையைக் குறைத்தாகிவிட்டது, வீட்டை வாங்கத்தான் போகிறேன் என்றார்.

"அவர் போறார்னு தெரிஞ்சுமா?"

"வேற எங்கங்க போறது? மத்த எடத்துல போறவங்க சொல்லிக்கிட்டா போறாங்க? அந்த மனுசன் வேலை மெனக்கெட்டு வந்து சொல்றாரு. அவரு இருந்த ஒழுங்கை, அதுல இன்னும் ரெண்டு பேராவது அப்படி இருப்பாங்கன்னு நெனைச்சுக்கிறேன்."

புதிய விலையை வைத்து அறிக்கையை எழுதினேன். ஏன் அந்த விலை என்பதற்கு ஒரு பக்கம் காரணமும் எழுதினேன். மனேஜர் காரணத்தைப் பேனாவால் குறுக்கே கோடு போட்டுவிட்டுத் தொகையை மட்டும் எடுத்துக்கொண்டார். தவமணி பிள்ளைகளோடு குடி வந்தார்.

இத்தோடு கதை முடிந்திருந்தால் நான் பெரிய கெட்டிக்காரன் என்று உங்கள் முன்னால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கலாம். கார்ட் மாத்தயாவின் வீட்டை மதிப்பிட்டதும் நான்தான். வாங்க வந்தவர் ஜயசேன என்ற இளம் பள்ளிக்கூட ஆசிரியர். சொந்த ஊர் மாத்தளைக்கு வடக்கே நாலந்தாப் பக்கம், அப்போதுதான் கல்யாணம் முடித்தவர். வீட்டைச் சுற்றிக் காட்டிக்கொண்டு வந்தபோது மதிலைக் காட்டித் தயங்கித் தயங்கிக் கேட்டார். "சார், பக்கத்துல தமிழ் ஆட்கள். இன்னொரு கலவரம் வந்தா அங்க வைக்கிற நெருப்பு இந்தக் கூரைக்கும் தாவும் தானே?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சந்தையில அதுக்கு ஒரு விலைக் கழிவு உண்டு" என்றேன். உண்டுதான். அந்த வருடங்களில் சிங்கள ஆட்கள் பலரும் அப்படிப் பேரம் பேசி விலை குறைத்தார்கள், நான் பல உறுதிகளில் பார்த்திருக்கிறேன். அதனால் அறிக்கையிலும் எழுதினேன், இவ்வளவு கழிக்கலாம் என்று. ஜயசேன அதைக் காட்டி விலையைக் குறைத்தார்.

கார்ட் மாத்தயா அந்த அறிக்கையைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து வாசித்தார். "இது நல்லா இருக்கே. எனக்குப் பக்கத்துல அவங்க வந்தா கூட்டுறீங்க. அவங்களுக்குப் பக்கத்துல ஒருத்தர் வந்தா கழிக்கிறீங்க" என்றார்.

"சந்தை அப்படித்தான் மாத்தயா" என்றேன்.

அவர் குறைந்த விலைக்கே கையெழுத்துப் போட்டார். எனக்கும் அப்போது அது உறுத்தவில்லை, சத்தியமாக உறுத்தவில்லை. தவமணியின் விஷயத்தில் அத்தனை துருவித் துருவிக் கேட்டவன், இந்தப் பக்கம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மூன்று பேரைப் போய் விசாரித்தேன் அல்லவா? இங்கே ஒருவரைக்கூட விசாரிக்கவில்லை. தெரிந்த கழிவு, எழுதிவிட்டேன்.

அதன் பிறகு எண்பத்தெட்டும் எண்பத்தொன்பதும் வந்தன. இந்த முறை சிங்கள இளைஞர்கள். ஒரு பக்கம் அரசை எதிர்த்த கிளர்ச்சிக்காரர்கள், மறுபக்கம் அவர்களைத் தேடி வந்த அரசாங்கத்து ஆட்கள். படித்த பையன்கள், வாத்திமார்கள் காணாமல் போனார்கள். வீட்டுக்கு வெளியே யார் வந்து நிற்கிறார்கள் என்று பார்க்கவே பயம். அந்த வருடங்களில் மதிப்பீட்டு வேலையே இல்லை, யார் வீடு வாங்குவார்கள்?

எல்லாம் அடங்கிச் சில வருடம் கழித்து, ஜயசேன ஓர் அறை கூட்டிக் கட்டக் கடன் கேட்டிருந்தார். மதிப்பீட்டுக்கு நான் போனேன். இரண்டு பிள்ளைகள் ஓடித் திரிந்தன. மதிலில் ஓர் ஆள் நுழையும் அளவுக்குக் கல்லைப் பெயர்த்து வழி விட்டிருந்தார்கள். எனக்குத்தான் எதையும் பார்த்துவிட்டுச் சும்மா போக முடியாதே, இது ஏன் என்று கேட்டேன்.

ஜயசேன நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அந்தக் காலத்துல என்னைத் தேடி வந்தாங்க சார். நான் ஒண்ணும் செய்யல்ல, யாரோ பட்டியல்ல பேரைக் குடுத்திருக்கான். பகல்ல, நம்பர் இல்லாத வேன்ல வீட்டுக்கு வந்தாங்க. நான் பள்ளிக்கூடத்துல இருந்தேன். என்ட மனுசி ஓடிப்போய் மிஸ்ஸிக்கிட்டச் சொல்லியிருக்கா. மிஸ்ஸி நேரே பள்ளிக்கூடத்துக்கு வந்து, என்னை ஆம்புலன்ஸ்ல படுக்க வச்சு, வார்டுக்குக் கொண்டு போயிட்டாங்க. காய்ச்சல்னு எழுதி, இருபத்திரண்டு நாள் வச்சிருந்தாங்க. எனக்குக் காய்ச்சலே இல்ல."

"யாரும் வந்து கேட்கல்லயா?"

"வந்தாங்க. ரெண்டு தடவை. தொத்துக் காய்ச்சலா இருக்கலாம், கிட்ட வராதீங்கன்னு மிஸ்ஸி வாசல்லயே நின்னு சொன்னாங்க. மாட்டியிருந்தா அவங்களையும் சேர்த்துத்தான் கொண்டு போயிருப்பாங்க. அவங்களுக்கும் ரெண்டு பிள்ளைங்க."

அவருடைய வீட்டுக்கு நான் எழுதிய கழிவு அவருக்கு ஞாபகம் இருக்குமா என்று மனசு அடித்துக்கொண்டது. கேட்காமல் போய்விடலாம் என்றும் பார்த்தேன். அவரே தொடங்கினார்.

"மூணாம் நாள் எனக்குப் பொறுக்கல்ல சார். மிஸ்ஸி கட்டிலுக்குப் பக்கத்துல வந்தப்ப சொல்லிட்டேன். நான் இந்த வீட்டை வாங்கும்போது, நீங்க பக்கத்துல இருக்கீங்கன்னு காட்டித்தான் விலையைக் குறைச்சேன்னு. நீங்க எழுதினதையும் சொன்னேன்."

"அதுக்கு அவங்க என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"தர்மாமீட்டரை உதறி என் வாயில வச்சாங்க. எடுத்துப் பார்த்துட்டு, சார்ட்டில காய்ச்சல் நூத்திரண்டுன்னு எழுதினாங்க."